பழைய பந்தயக் கார்களைச் சேகரிப்பவர்கள் உண்மையில் எதற்குப் பணம் கொடுக்கிறார்கள்?

கேள்வி இதுதான்: "எஞ்சின் மாறிவிட்டது, பாடி மாறிவிட்டது, பாதிக்கு மேல் புதுப் பாகம். அப்புறம் எப்படி அது அந்தக் காலத்தில் ஜெயித்த அதே கார் ஆகும்? அதற்கு ஏன் கோடி கோடியாகக் கொட்டுகிறார்கள்?"

இதே கேள்வி 1990-ல் லண்டன் உயர் நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

பென்ட்லி கம்பெனியின் ஸ்பீட் சிக்ஸ் கார்களில் ஒன்றுக்கு 'ஓல்ட் நம்பர் ஒன்' என்று பெயர். ஆறரை லிட்டர் எஞ்சின். பிரான்சில் நடக்கும் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை 1929, 1930 என்று அடுத்தடுத்து இரண்டு வருடம் ஜெயித்தது. இரண்டு தடவையும் அதை ஓட்டியவர்களில் ஒருவர் வுல்ஃப் பார்னட்டோ. வைரச் சுரங்கக் குடும்பத்து வாரிசு, பென்ட்லி கம்பெனிக்கே பணம் போட்டுத் தாங்கியவர். லெ மானுக்கு மூன்று முறை போய் மூன்று முறையும் ஜெயித்துவிட்டு வந்த மனிதர்.

ஜெயித்த காரைத் துடைத்து மூடி வைக்கும் வழக்கம் அப்போது கிடையாது. அடுத்த பந்தயத்துக்கு எது தேவையோ அதைக் கழற்றி மாட்டுவார்கள். 1932-ல் இந்தக் காரில் எட்டு லிட்டர் எஞ்சினை வைத்து, இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் தடத்தில் நடந்த 500 மைல் பந்தயத்துக்கு அனுப்பினார்கள். சாய்வாகக் கட்டிய அந்தத் தடத்தின் மேல் விளிம்பைத் தாண்டி கார் வெளியே பாய்ந்தது. ஓட்டிய கிளைவ் டன்ஃபீ இறந்துபோனார். நொறுங்கிய காரை எடுத்து மறுபடி கட்டினார்கள். இந்த முறை கூரை போட்ட கூபே ஆக்கி, பார்னட்டோ சாலையில் ஓட்டினார். பிறகு பல கை மாறியது. ஒரு கட்டத்தில் பழையபடி திறந்த பாடி வந்தது.

1990-ல் உரிமையாளருக்கும் ஒரு கம்பெனிக்கும் சுமார் 1 கோடி பவுண்டுக்கு விலை பேசி முடிந்தது. அப்புறம் கம்பெனி பின்வாங்கியது. "இது அந்தக் காரே இல்லை" என்றது. வழக்கு வந்தது. எந்தப் பாகம் எந்த வருடத்தது என்று நிபுணர்கள் ஒவ்வொன்றாகப் பிரித்து அலசினார்கள். 1929-ல் ஓடிய காரிலிருந்து நிச்சயமாக இதுதான் என்று கை வைத்துக் காட்ட ஒன்றுமில்லை. 1930 காரிலிருந்து மிஞ்சியதாக நம்பப்பட்டது பெடல் ஷாஃப்ட், கியர்பாக்ஸின் வெளிக்கூடு, ஸ்டீயரிங் காலம். மற்றதெல்லாம் பிற்பாடு வந்தவை.

நீதிபதி ஆட்டன் விற்றவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு சொன்னார். முதல் நாள் இருந்தபடியே இருக்கிற கார் என்று இதைச் சொல்லக் கூடாது என்பதை அவர் ஒத்துக்கொண்டார். ஆனால் அந்தக் காரின் சரித்திரம் எந்த இடத்திலும் அறுபடவில்லை. அதைக் கலைத்து வேறு காராகவும் ஆக்கவில்லை, அதன் பெயரில் இன்னொரு காரும் கிளம்பவில்லை. ஆகவே இதுதான் ஓல்ட் நம்பர் ஒன் என்றார்.

என் பதிலும் அதுவே. சேகரிப்பவர் விலை கொடுப்பது அறுபடாத அந்தச் சரித்திரத்துக்கு. சரி, அந்தச் சரித்திரம் எங்கே இருக்கிறது? சேசிஸ் நம்பரில் கொஞ்சம், பழைய காகிதங்களில் கொஞ்சம். மிச்சமெல்லாம் பார்த்தவர்களின் ஞாபகத்தில். வேலி ஓரம் நின்று பார்த்த சாதாரண ரசிகர்களுக்கு இதில் இருக்கும் பங்கை ஏல அறிக்கை எதுவும் முழுதாகச் சொல்வதில்லை.

நான் வேலை பார்ப்பது இங்கிலாந்தில், கோவென்ட்ரி பக்கம். கோடையில் பிரெஸ்காட் என்ற மலைச்சாலைக்குப் போவது எனக்கு வழக்கம். செல்டனம் நகரத்துக்கு அருகில் இருக்கிறது. ஒவ்வொரு காராக நேரம் வைத்து மேட்டுச் சாலையில் ஏற்றுவார்கள். 1934-ல் தொடங்கிய விண்டேஜ் ஸ்போர்ட்ஸ் கார் கிளப் அங்கே நடத்தும் நாள்தான் எனக்குத் திருவிழா. கார்கள் நிற்கும் இடத்துக்குள் யார் வேண்டுமானாலும் நடந்து போகலாம், கயிறு கட்டித் தடுக்க மாட்டார்கள். உள்ளே நுழைந்ததும் மூக்கில் ஏறுவது எரிந்த விளக்கெண்ணெய் வாசனை. உண்மையிலேயே விளக்கெண்ணெய்தான். அந்தக் காலத்துப் பந்தய எஞ்சின்களுக்கு ஆமணக்கிலிருந்து எடுத்த எண்ணெயைத்தான் ஊற்றினார்கள், காஸ்ட்ரால் என்ற பெயரே அதிலிருந்து வந்தது. இன்றைக்கும் சிலர் அதையே ஊற்றுகிறார்கள்.

அங்கே ஒரு முறை ஃப்ரேசர் நாஷ் ஒன்றின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். 1930களின் ஆரம்பத்துக் கார். இந்த வகைக் காரில் ஒவ்வொரு கியருக்கும் தனித்தனியாக ஒரு சங்கிலி ஓடும், வளைவில் இரண்டு பின் சக்கரத்தையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரென்ஷியல் கிடையாது, கியர் கம்பி பாடிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். உரிமையாளர் தரைப் பலகையைக் கழற்றி வைத்துவிட்டுச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். வயதான ஒருவர் வந்து காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, கோட்டுப் பையிலிருந்து ஒரு கவரை எடுத்தார். உள்ளே சின்ன கருப்பு வெள்ளைப் புகைப்படம். போர்க்காலத்து விமான ஓடுதளம் ஒன்றில் நடந்த கிளப் பந்தயத்தில், சிறுவனாக இருந்தபோது தன் அப்பாவின் கேமராவில் எடுத்ததாம். பின்பக்கம் பென்சிலில் 1954 என்று எழுதியிருந்தது.

படத்தில் இதே கார். வால் பகுதியின் இடது பக்கம் அலுமினியத் தகடு ஒன்று ஒட்டுப் போட்டு ரிவெட் அடித்திருந்தது. மேல் வரிசையில் நாலு, கீழே மூணு. எண்ணெய்க் கையோடு உரிமையாளர் எழுந்து வந்து காரின் வாலைத் தடவினார். பெயிண்டுக்கு அடியில் அதே ஒட்டு, அதே நாலும் மூணும். 1970களில் யாரோ ஒரு மெக்கானிக் அவசரத்துக்குப் போட்டது என்று அவர் அதுவரை நினைத்திருந்தாராம், அடுத்த குளிர்காலத்தில் அதை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு போடச் சொல்லிப் பட்டறையிலும் பேசிவிட்டாராம். புகைப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. பிறகு காரின் ஃபைலைக் கொண்டுவந்து, அந்தப் பெரியவரை மடக்கு நாற்காலியில் உட்காரவைத்து, அன்றைக்கு மழை பெய்ததா, யார் ஓட்டினார்கள், கார் என்ன நிறம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். நிறம் முக்கியம், ஏனென்றால் படம் கருப்பு வெள்ளை. அந்த ஒட்டு இப்போதும் காரில் இருக்கிறது.

இதனால்தான் பளபளவென்று புதுப்பித்த பந்தயக் காரைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. டிங்கரிங் பார்த்து, பட்டி வைத்து, தொழிற்சாலையில்கூட இல்லாத மினுமினுப்பில் பெயிண்ட் அடித்து நிறுத்துவார்கள். நம் ஊரில் மணலைப் பீய்ச்சிக் கோயில் சுவரைச் சுத்தம் செய்கிறேன் என்று கிளம்பி, கல்வெட்டு எழுத்தைத் தேய்த்துவிட்டார்களே, அதே வேலைதான் இது.

இதற்கு எதிர்த் திசையில் நின்றவர் ஃபிரெட் சிமியோன். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் நரம்பு அறுவை சிகிச்சை நிபுணர், 2022-ல் காலமானார். ஒரு காரைப் புதுசாக்குவது எத்தனை தடவையும் நடக்கும், பழசாகவே இருப்பது ஒரே ஒரு தடவைதான் என்ற கட்சி அவர். 2008-ல் திறந்த அவருடைய அருங்காட்சியகத்தில் ஷெல்பி டேடோனா கோப்ரா கூபே ஒன்று நிற்கிறது. மொத்தமே 6 கார்தான் கட்டினார்கள், அதில் இதுதான் முதலாவது. 1965-ல் ஃபெராரியிடமிருந்து ஜிடி உலகப் பட்டத்தைப் பறித்த கார் வகை. பந்தய வாழ்க்கை முடிந்ததும் இசைத் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டரிடம் போய், அப்புறம் பல பத்தாண்டுகள் கலிஃபோர்னியாவில் யார் கண்ணிலும் படாமல் கிடந்து, 2001 வாக்கில்தான் வெளியே வந்தது. சிமியோன் அதைப் பிரித்து மேயவில்லை, ஓடுகிற நிலைக்குக் கொண்டுவந்ததோடு நிறுத்திக்கொண்டார். அங்கே குறிப்பிட்ட சனிக்கிழமைகளில் கார்களைக் கட்டடத்துக்குப் பின்னால் இருக்கும் திடலுக்கு ஓட்டி வந்து, எதற்காகக் கட்டினார்கள் என்று விளக்கி, முடுக்கிக் காட்டுகிறார்கள். சேகரிப்பு என்றால் இப்படி இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பண விஷயத்துக்கு வருகிறேன். ஃபெராரி 250 ஜிடிஓ 1962 முதல் 1964 வரை 36 மட்டுமே தயாரானது. மூன்று லிட்டர் வி12 எஞ்சின், ஏறக்குறைய 300 குதிரைத்திறன். புதிதாக வந்தபோது அமெரிக்காவில் விலை சுமார் 18,000 டாலர். 2018-ல் கலிஃபோர்னியாவின் மான்ட்டெரே ஏலத்தில் ஒன்று 4.84 கோடி டாலருக்குப் போனது. இந்த எண்ணை மட்டும் பார்த்தால் வெறும் பணக்காரப் பித்து என்று தோன்றும். ஆனால் அதே வகைக் கார் ஒன்றின் கதையைக் கேளுங்கள்.

இங்கிலாந்தில் ஓடிவிட்டு, டெக்சாஸில் ஒரு அணிக்காக ஓடி, பழசாகிப்போன ஜிடிஓ அது. 1964-ல் அதன் சொந்தக்காரர் அதை விக்டோரியா ஊரின் உயர்நிலைப் பள்ளிக்குத் தானமாகக் கொடுத்துவிட்டார். மெக்கானிக் வகுப்பு மாணவர்கள் அதைத் திறந்து பார்த்துப் படித்தார்கள். இன்று எந்தப் பட்டறையிலும் கையுறை இல்லாமல் தொட விடமாட்டார்கள். அங்கே பதினாறு வயதுப் பையன்கள் ஸ்பேனர் பிடித்துப் பழகினார்கள்! 1972-ல் பள்ளி அதை 6,500 டாலருக்கு விற்றது. வாங்கியவர் ஒஹையோவில் டிரெய்லர் மீது வைத்து வெட்டவெளியில் விட்டுவிட்டார். மழையிலும் பனியிலும் 1980களின் பிற்பகுதி வரை அப்படியே நின்றது. அப்புறம்தான் அது கைமாறி மறுவாழ்வு பெற்றது. இந்தக் கதை எனக்குத் தெரிந்த காரணம், அந்தப் பள்ளியில் படித்தவர்களும் வயலோரம் அதைப் படம் எடுத்தவர்களும் மறக்காமல் இருந்ததுதான்.

வேறொரு ஜிடிஓ, 1962 லெ மானில் மூன்றாவதாக வந்தது. பிங்க் ஃப்ளாய்ட் இசைக்குழுவின் டிரம்மர் நிக் மேசன் அதை 1970களில் வாங்கி, குட்வுட் போன்ற இடங்களில் பந்தயத்திலேயே ஓட்டிக்கொண்டிருந்தார். கீறல் விழுமே என்று பயப்படவில்லை, அவருக்கு ஒரு சலாம்.

உங்கள் கேள்விக்கு நேர் எதிரான சோதனையும் நடந்திருக்கிறது. 1957 பிப்ரவரி 12 அன்று கோவென்ட்ரியில் ஜாகுவார் தொழிற்சாலையில் தீ. டி-டைப் பந்தயக் கார்களைச் சாலைக்கு ஏற்றபடி மாற்றி எக்ஸ்கேஎஸ்எஸ் என்று 25 செய்யத் திட்டம், அதில் 9 எரிந்துபோயின. 2016-ல் ஜாகுவார் அந்த 9 காரையும் பழைய முறைப்படியே புதிதாகச் செய்யப்போவதாக அறிவித்து, ஒவ்வொன்றையும் 10 லட்சம் பவுண்டுக்கு மேல் விற்றது. வேலைப்பாடு அபாரம். ஆனால் 1957-ல் உண்மையாகவே வெளியே வந்த 16-ல் ஒன்றை வாங்க வேண்டுமென்றால் அதைப் போலப் பல மடங்கு கொடுக்க வேண்டும். பாகத்துக்குப் பாகம் ஒரே கார்தான், நடுவில் 60 வருடம் இல்லை, அவ்வளவுதான்.

"அப்படியானால் 2022-ல் 13.5 கோடி யூரோவுக்கு விற்ற மெர்சிடிஸ் 300 எஸ்எல்ஆர் கூபே பந்தயமே ஓடியதில்லையே?" என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. இரண்டே இரண்டு செய்தார்கள், அதை வடிவமைத்த ரூடால்ஃப் ஊலன்ஹாட் தன் சொந்த உபயோகத்துக்கு ஓட்டினார். என் கணக்கில் அந்த விலையில் பெரும்பங்கு அதன் கூரையில்லாத உடன்பிறப்புக்குச் சேர வேண்டியது. 1955 மில்லே மிலியா பந்தயத்தில் 722 என்ற எண்ணோடு, காலை 7:22-க்குக் கிளம்பி, இத்தாலியின் பொதுச் சாலைகளில் 10 மணி 7 நிமிடம் 48 நொடியில் ஸ்டெர்லிங் மாஸ் ஓட்டி முடித்த கார் அது. பக்கத்தில் உட்கார்ந்த டெனிஸ் ஜென்கின்சன், வழியின் வளைவுகளை எல்லாம் நீளமான காகிதச் சுருளில் எழுதி, ஒரு பெட்டிக்குள் சுற்றிச் சுற்றிப் பார்த்துக் கையால் சைகை காட்டிக்கொண்டே வந்தார். அந்த ஓட்டம் இல்லையென்றால் இந்த ஏலம் இல்லை.

பதுக்கி வைத்தவர்களும் உண்டு. பிரான்சின் மியூலூஸில் கம்பளி ஆலை நடத்திய ஷ்லும்ப் சகோதரர்கள் நூற்றுக்கும் மேற்பட்ட புகாட்டிகள் உட்பட 400 கார்களுக்கு மேல் ரகசியமாகச் சேர்த்தார்கள். ஆலை நொடித்து, சகோதரர்கள் சுவிட்சர்லாந்துக்குப் போய்விட, 1977-ல் தொழிலாளர்கள் பூட்டை உடைத்து உள்ளே போனபோதுதான் தங்கள் உழைப்பு எங்கே போனது என்று பார்த்தார்கள். இரண்டு வருடம் அந்த இடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மக்களுக்குத் திறந்து காட்டினார்கள். 1982 முதல் அது பொது அருங்காட்சியகம். அந்தக் கார்கள் சிதறி விற்றுப்போகாமல் ஒரே இடத்தில் நிலைத்ததில் அந்தத் தொழிலாளர்களுக்குப் பெரும்பங்கு உண்டு.

கடைசியாக, இதைப் படிக்கும் சென்னைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். சோழவரமும் போர்க்காலத்து விமான ஓடுதளம்தான். 1990-ல் இருங்காட்டுக்கோட்டை தடம் வருவதற்கு முன்னால், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் பல பத்தாண்டுகள் பந்தயம் நடத்தியது. வெளிநாட்டிலிருந்து வந்த ரேஸ் கார்களும், உள்ளூர்ப் பட்டறையில் கட்டிய ஸ்பெஷல்களும் அங்கே ஓடின. அவற்றில் பல இப்போது யாரிடம், எந்த நிலையில் இருக்கின்றன என்பதற்குச் சரியான பதிவு கிடைப்பது கஷ்டம். உங்கள் வீட்டு ஆல்பத்தில் அப்பாவோ மாமாவோ சோழவரத்தில் எடுத்த படம் இருந்தால், அவர்கள் இருக்கும்போதே உட்கார்ந்து கேளுங்கள். எந்த வருடம், யார் ஓட்டியது, என்ன நிறம் என்று பின்பக்கம் பென்சிலில் எழுதிவிட்டு, இரண்டு பக்கத்தையும் ஸ்கேன் செய்து வையுங்கள். காரின் எண் தெரிகிற படமாக இருந்தால் கமெண்டில் போடுங்கள், தெரிந்தவர்களிடம் நானும் விசாரித்துச் சொல்கிறேன்.