காய்ச்சாத தப்பு

ஒற்றர் குறும்படம் ஒன்றுக்குப் பின்னணி இசை அமைக்க வேண்டும், கையில் கீபோர்டு மட்டும்தான் இருக்கிறது, ஆங்கிலப் படங்களின் அந்த ஒலியை எப்படிக் கொண்டுவருவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

அது கடினமில்லை. இடது கையில் ஒரு மைனர் கோர்டை (சேர்ந்து ஒலிக்கும் மூன்று ஸ்வரங்கள்) பிடித்துக்கொண்டு, அதன்மேல் பஞ்சமம், சுத்த தைவதம், சதுஸ்ருதி தைவதம், மறுபடி சுத்த தைவதம் என்று ஸ்வரங்களில் ஏறி இறங்குங்கள். 1962இல் வந்த 'டாக்டர் நோ' முதல் ஜேம்ஸ் பாண்ட் நடப்பது இந்தப் படிகளில்தான். பதற்றமான தாளம் வேண்டுமென்றால் 'தகிட தகிட தக தக' என்று சொல்லிப் பாருங்கள். 1966இல் 'மிஷன் இம்பாசிபிள்' தொலைக்காட்சித் தொடருக்கு லாலோ ஷிஃப்ரின் போட்ட கணக்கு அது. ஒரே மாலையில் கைக்கு வந்துவிடும். ஆனால் கேட்பவர் கண்ணில் லண்டன்காரன்தான் தெரிவான், உங்கள் ஆள் தெரியமாட்டான். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவன். சில வருடங்களுக்கு முன் நண்பர்கள் எடுத்த குறும்படத்துக்கு இசையமைத்தேன். ஒரு படத்தை வைத்துக்கொண்டு உபதேசமா என்று சிலர் கேட்கலாம். கேட்கட்டும், அந்த ஒரு படத்துக்காக நான் நான்கு மாதம் உழைத்தேன். கதை வேலைநிறுத்தக் காலத்தில் நடக்கிறது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தாரே, அந்த நாட்கள். லயத்துக்குள், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்குள், இருந்தபடியே தோட்டத்து துரைக்குச் செய்தி கொண்டுபோகிறான் ஒருவன். காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் எல்லாரோடும் நிற்பான், இருட்டியதும் துரையின் பங்களாப் பாதையில் ஏறுவான்.

முதலில் நானும் கிட்டாரைத்தான் போட்டேன். காட்சிக்குக் காட்சி துருத்திக்கொண்டு நின்றது. பிறகு மாசி தவறாமல், மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்துக்குத் தப்பு என்ற தோல் பறையை அடிக்கும் பெரியவர் ஒருவரிடம் போனேன். மழைக்காலம், பகலிலேயே பனிமூட்டம். தப்பைக் காய்ச்சித் தோலை இறுக்க அவர் நெருப்பு மூட்டினார். மூட்டுவதற்கு முன் தோலைச் சோதிக்க ஒரு தட்டுத் தட்டினார். ஈரத்தில் தொய்ந்த தோல் 'தொம்' என்று அடங்கிப்போனது. நான் தேடிக்கொண்டிருந்த காலடி அதுதான்.

"காய்ச்ச வேண்டாம் பெரியப்பா, இப்படியே அடியுங்கள்" என்றேன்.

"காய்ச்சாத தப்பு பக்கத்து லயத்துக்குக்கூடக் கேட்காதே தம்பி" என்றார்.

குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு விரலால் தட்டினார். தகரக் கூரையில் மழை ஓயும் வரை காத்திருந்து, சுவரெல்லாம் கம்பளி தொங்கவிட்டுப் பதிவு செய்தோம். அவன் பங்களாவுக்கு ஏறும்போதெல்லாம் அந்த ஒலி மட்டுமே, வசனம் வரும் இடத்தில் அதுவும் இல்லை. கடைசியில் பெரட்டுக் களத்தில் அவன் பிடிபடும்போதுதான் காய்ச்சிய தப்பு முழுவீச்சில் அதிர்கிறது. விடியுமுன் எங்கள் ஆட்களைப் பெரட்டுக்கு எழுப்பியது தப்புத்தான் என்று தெரிந்தவர்கள் அந்த இடத்தில் அழுதார்கள்.

கொழும்பில் திரையிட்டபோது ஒருவர் எழுந்து, ஒற்றர் படத்துக்குச் சாவு மேளமா என்றார். அன்று வாயடைத்து நின்றேன். பதிலை இங்கே சொல்கிறேன். தப்பு சாவுக்கும் அடிக்கும், திருவிழாவுக்கும் கூத்துக்கும் அடிக்கும். பாண்ட் இசையின் மெட்டு எங்கிருந்து வந்தது? மேடையேறாத ஓர் இசை நாடகத்துக்காகத் தாம் போட்டுவைத்திருந்த பாட்டிலிருந்து எடுத்ததாக அதை அமைத்த மான்டி நார்மனே சொல்லியிருக்கிறார். வி. எஸ். நைபாலின் நாவலைத் தழுவிய நாடகம் அது. டிரினிடாட் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்ட இந்தியர்களின் சந்ததிதான் அந்த நாவலின் மனிதர்கள். ஜான் பேரி அந்த மெட்டுக்குக் கொடுத்த வாத்திய அமைப்பின் பெருமையை நான் மறுக்கவில்லை. ஆனால் கரும்புத் தோட்டத்து மெட்டு உலகத்து ஒற்றனுக்குப் பொருந்துமென்றால், தேயிலைத் தோட்டத்துத் தப்பு எங்கள் ஒற்றனுக்குப் பொருந்தாதா?

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும். இரண்டாவது திரையிடலுக்குப் பெரியவருக்கும் எனக்கும் அழைப்புக் கடிதம் அனுப்பியிருந்தார்கள். எங்கள் லயங்களுக்குத் தனித்தனி முகவரி கிடையாது, கடிதம் தோட்ட அலுவலகத்துக்குத்தான் வரும். அங்கேயே கிடந்து, நிகழ்ச்சி முடிந்து மூன்று வாரம் கழித்துக் கைக்கு வந்தது. பெரியவர் அதற்கென்று வெள்ளைச் சட்டை ஒன்று தைத்து வைத்திருந்தார். ஒரு மண்டபத்தில் உட்கார்ந்து தம்முடைய தப்பை அவர் இன்னும் கேட்கவில்லை.