வயிற்றுக்கு இடம் விடுங்கள்

அன்புள்ள அக்கா,

நான் ஈரோட்டில் இருக்கிறேன். இப்போது 7-ஆம் மாதம். கல்யாணத்துக்கு முன்பிருந்தே யோகா செய்கிறவள். தினமும் 12 சுற்று சூரிய நமஸ்காரம். இப்போது குனிந்தால் கை முழங்காலைத் தாண்டுவதில்லை. யோகா செய்யலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆனால் பாயை விரித்தாலே அழுகை வருகிறது. அடிவயிற்றில் கோடு கோடாக விழுந்திருக்கிறது, முகம் கறுத்துவிட்டது. வருகிறவர்கள் எல்லோரும் அதையே சொல்கிறார்கள். "உடம்பை ஏத்துக்கோ" என்கிறார்கள் தோழிகள். எப்படி ஏற்றுக்கொள்வது என்று யாரும் சொல்லவில்லை.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடைசி வரி இரண்டு நாளாக என்னோடு இருக்கிறது. என்னிடமும் "உடம்பை ஏத்துக்கோ" என்றுதான் சொன்னார்கள். கேட்கும்போதெல்லாம் கோபம்தான் வந்தது.

எனக்கு அப்போது 8-ஆம் மாதம். காலை நீட்டி உட்கார்ந்து முன்னால் குனியப் பார்த்தேன். வயிறு தொடையில் இடித்தது. மூச்சை அடக்கி வயிற்றை எக்கிக்கொண்டு மறுபடி குனிந்தேன். யோகா டீச்சர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "வயித்துக்கு இடம் விடும்மா" என்றார். காலை அகட்டி வைக்கச் சொன்னார். ஒரு ஜமக்காளத்தை மடித்து அடியில் போட்டு, அதன்மேல் உட்காரவைத்தார். எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அதில் கையை வைக்கச் சொன்னார். வயிறு இரண்டு தொடைக்கும் நடுவில் தாராளமாக இறங்கியது. அத்தனை மாதத்தில் அன்றுதான் அதை எக்காமல் விட்டேன். இரண்டு மூச்சு போயிருக்கும், பிள்ளை உள்ளே புரண்டது.

உடம்பை ஏற்றுக்கொள்வது மனசில் என்றைக்காவது வந்து சேரும் என்று காத்திருந்தேன். அது அன்று கால்களை அகட்டி வைத்ததில் இருந்தது. உங்களுக்கும் அங்கிருந்தே தொடங்கச் சொல்வேன்.

யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலி ஆசனத்துக்குச் சொன்ன இலக்கணம் இரண்டே சொல்: ஸ்திரம் (ஆடாமல் இருப்பது), சுகம். அடுத்த சூத்திரத்தில் முயற்சியைத் தளர்த்தச் சொல்கிறார். கால் விரலைத் தொடும் கணக்கு அங்கே இல்லை. யோகா ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியார் (1888–1989) சென்னையில் ஆளுக்கு ஏற்றபடி ஆசனத்தை மாற்றிக் கற்றுக்கொடுத்தார். அவர் மகன் தேசிகாச்சார் 1976-ல் தொடங்கிய 'கிருஷ்ணமாச்சாரியா யோக மந்திரம்' என்ற யோகா பள்ளியும் அந்த வழியில் வந்ததுதான். ஆகவே தலையணை வைத்துக்கொண்டு செய்வதும் முழு யோகாதான்.

உங்கள் உடம்பு இப்போது சும்மா இல்லை. ரத்தத்தின் அளவு 40 முதல் 50 சதவீதம் வரை கூடுகிறது. கர்ப்பப்பை வளர வளர, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் உதரவிதானம் என்ற தசை மேலே ஏறுகிறது; மூச்சு வாங்குவது அதனாலும்தான். ஹார்மோன்கள் மூட்டுகளைத் தளர்த்துகின்றன. அதனால் எந்த நீட்டலையும் முன்பு போன தூரத்துக்கு இழுக்காதீர்கள்.

சூரிய நமஸ்காரத்துக்குப் பதிலாகச் சுவரைப் பார்த்து நின்று, தோள் உயரத்தில் உள்ளங்கையை ஊன்றி, மெல்லப் பின்னால் நகர்ந்து பாருங்கள். அப்புறம் முட்டி போட்டுப் பூனை மாதிரி முதுகை மெதுவாக வளைத்து நிமிர்த்துங்கள். 20 வாரத்துக்கு மேல் வெகுநேரம் மல்லாந்து படுக்கக் கூடாது, கர்ப்பப்பை பெரிய ரத்தக்குழாயை அழுத்தும். சவாசனத்தை இடதுபக்கம் ஒருக்களித்து, முழங்கால்களுக்கு நடுவில் தலையணை வைத்துச் செய்யுங்கள். கபாலபாதி (மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளுவது), மூச்சை அடக்குவது, குப்புறப் படுப்பது எதுவும் இப்போது வேண்டாம். ரத்தப்போக்கு, நீர்க்கசிவு, தலைசுற்றல், பிள்ளையின் அசைவு குறைந்த மாதிரி தோன்றுவது, இதில் எது இருந்தாலும் நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கோடுகளைப் பற்றி உண்மையைச் சொல்கிறேன். நாளாக நாளாக வெளுக்கும், முழுக்கப் போகாது. முகத்தின் கருமை பலருக்குப் பிரசவத்துக்குப் பிறகு மெல்லக் குறைகிறது. என் கோடுகள் எனக்குப் பிடித்துப்போயின என்று சொல்ல மாட்டேன். ஆனால் கண்ணை வேறு பக்கம் திருப்பாமல் அந்த இடத்தில் எண்ணெய் தேய்க்க முடிந்தது. அது எனக்குப் போதுமாக இருந்தது. வருகிறவர்கள் சொல்வதற்கெல்லாம் நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை.

ஒன்று மட்டும். அழுகை இரண்டு வாரமாக விடாமல் வந்தால், தூக்கமும் பசியும் போய்விட்டால், ஆசனத்தை நம்பி இருக்காதீர்கள். அடுத்த செக்கப் வரை காத்திராமல் டாக்டரிடம் போய்ச் சொல்லுங்கள். கர்ப்பத்தில் மனச்சோர்வு வருவது உண்டு, அதற்குச் சிகிச்சையும் உண்டு.

நாளைக் காலை பாயைச் சுவரோரமாக விரியுங்கள். மடித்த ஜமக்காளம் போதுமாக இருந்ததா, தலையணையும் தேவைப்பட்டதா என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா