பதினைந்து கிலோ கவசம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆப்கானிஸ்தான் மலைகளில் போரிட்ட அமெரிக்கப் படையினருக்கு 2009இல் முன்னைவிடச் சிறிய கவசம் தரப்பட்டதாக எழுதியிருந்தீர்கள். கவசத்தைக் கூட்டுவதல்லவா அரசின் கடமை? குறைத்தது எப்படிச் சரியாகும்? என் தம்பி துணை ராணுவத்தில் இருக்கிறான். அதனால் இந்தக் கேள்வி என்னை உறுத்துகிறது.

வாசகர், நாமக்கல்

அன்புள்ள நண்பருக்கு,

தம்பியை எண்ணிக் கேட்டிருக்கிறீர்கள். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

கவசம் கனத்தது ஈராக்கில். கெவ்லர் துணி அடுக்குகள் வெடிச்சிதறலையும் கைத்துப்பாக்கிக் குண்டையும் தாங்கும்; ரைபிள் குண்டைத் தடுக்கப் பீங்கான் தகடு வேண்டும். மார்பிலும் முதுகிலும் தகடு இருந்தது, விலாவில் இல்லை. மேலுடல் காயத்தால் இறந்த மரைன் வீரர்களில் 80 சதவீதம் பேர் வரை கூடுதல் கவசம் இருந்திருந்தால் பிழைத்திருக்கலாம் என்ற ராணுவ மருத்துவ ஆய்வு 2006 ஜனவரியில் வெளியே வந்தது. மக்கள் கொதித்தார்கள். விலாத் தகடுகள் வந்தன. தோள், கழுத்து, தொடையிடுக்குக் காப்புகளையும் சேர்த்தால் மொத்தம் சுமார் 15 கிலோ. வண்டியில் போய் இறங்கி, தெருவில் சண்டையிட்டு, வண்டிக்கே திரும்புகிறவர்களால் அதைச் சுமக்க முடிந்தது.

ஆப்கான் மலைச்சரிவில் வண்டி ஏறாது. 2003இல் அங்கே வீரர்களின் சுமையை எடைபோட்ட அமெரிக்க ராணுவக் குழு, சண்டையிடும்போதே ஒருவர்மீது சராசரியாக 28 கிலோவுக்கு மேல் இருப்பதைக் கண்டது; நடைப்பயணத்தில் ஏறத்தாழ 46 கிலோ. ராணுவக் கையேடு சண்டைக்கு வகுத்திருந்த வரம்போ 22 கிலோதான். விலாத் தகடுகள் வருவதற்கு முந்தைய நிலை இது!

அடுத்த பாறை மறைவுக்கு ஓடிச் சேரும் நேரம் சில நொடிகள் கூடினால் எதிரிக்கு அது போதும். மூச்சு வாங்குகிறவரின் குறி தப்பும். கவசத்துக்குள் வியர்வை ஆவியாகாமல் உடல் சூடேறும், தண்ணீர் அதிகம் தேவைப்படும். அதுவும் லிட்டருக்கு ஒரு கிலோ என்று முதுகில்தான் ஏறும். எதிரில் இருப்பவனோ துப்பாக்கியும் கொஞ்சம் தோட்டாவுமாக மலையேறி மறைந்துவிடுகிறான்.

என்னை உண்மையாகவே வருத்துவது ஒன்று உண்டு. தகடு இல்லாததால் இறந்தவரைப் பிரேதப் பரிசோதனை காட்டிக்கொடுக்கும். சுமை அழுத்தி, ஓட முடியாமல் குண்டடிபட்டவரின் அறிக்கையில் குண்டுக்காயம் மட்டுமே இருக்கும். ஆகவே அரசியல்வாதிகளும் அதிகாரிகளும் கவசத்தைக் கூட்டத்தான் துணிவார்கள். 2009இல் வந்த சிறிய கவசம் தகடுகளை அப்படியே வைத்துக்கொண்டு, சுற்றியிருந்த துணிக்காப்பைக் குறைத்தது. சிதறலுக்கு எதிரான பாதுகாப்பு அதனால் குறைந்தது உண்மை. சாலையில் புதைகுண்டுக்கு அஞ்சிப் போகும் படைக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டு வகையையும் வாங்கிக் கொடுத்து, அன்றைய பணிக்கு எது என்பதைக் களத்தில் நிற்கும் அதிகாரியிடம் விடுவதே அரசு செய்ய வேண்டியது.

தம்பிக்குச் சோதனைச்சாவடியிலோ வண்டியிலோ பணி என்றால் கொடுத்த கவசம் முழுவதையும் அணியச் சொல்லுங்கள். எடையைக் காரணம் காட்டி அங்கே கழற்றுவதில் நியாயமில்லை. அளவு பொருந்துகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பட்டைகள் தளர்ந்து தகடு கீழே இறங்கினால் மேல்மார்பு திறந்துவிடும்.