தோல்விக்குப் பயிற்றுவிப்பாளர்தான் காரணமா?

கேள்வி: எங்கள் இளம் ஹொக்கி அணி தொடர்ந்து தோற்கிறது. பயிற்றுவிப்பாளரை மாற்றலாமா? (வாசகர், உப்புவெளி, திருகோணமலை)

பதில்: அவசரப்படாதீர்கள். கோல் கணக்கை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். 15 நிமிடக் கால்பகுதி ஒவ்வொன்றிலும் உங்கள் பிள்ளைகள் எதிரணியின் கோலுக்கு முன்னுள்ள, கோல் அடிக்கக்கூடிய வட்டத்துக்குள் எத்தனை தடவை நுழைந்தார்கள், எத்தனை பெனல்டி கோர்னர் (எதிரணி தன் வட்டத்தில் செய்யும் தவறுக்குக் கிடைக்கும் கோல் வாய்ப்பு) பெற்றார்கள், தங்கள் கோல் பக்கத்து 23 மீற்றர்ப் பகுதிக்குள் பந்தை எப்படிப் பறிகொடுத்தார்கள் என்று குறித்து வையுங்கள். நுழைவுகள் கூடிவந்தால் அணி வளர்கிறது.

கடைசிக் கால்பகுதியில்தான் கோல்கள் விழுகின்றன என்றால் உடற்தகுதியையும் வீரர் மாற்றத்தையும் பாருங்கள். ஹொக்கியில் மாற்றங்களுக்கு எண்ணிக்கை வரம்பில்லை. திருமலை வெயிலில் முன்களத்தாரை அடிக்கடி மாற்றாமல் ஓடவிட்டால் அது பயிற்றுவிப்பாளரின் பிழைதான். ஆனால் புல்தரையில் பழகிய பிள்ளைகள் செயற்கைத் தரையில் பந்தை நிறுத்தத் தடுமாறுவதற்கு அவரைக் குறைசொல்வது நியாயமில்லை. அங்கே பந்தின் வேகமே வேறு. சுட்டிக்காட்டிய பிழை பருவம் முழுக்கத் திருந்தாவிட்டால் மாற்றத்தைப் பற்றிப் பேசுங்கள்.