விஞ்ஞானம், கணிதம் கற்பிக்கும் புதிய ஆசிரியருக்குக் கொழும்பில் பயிற்சியும் வளங்களும் எங்கே கிடைக்கும்?

தமிழ்மூலம் கற்பிப்பவர் என்றால் மகரகமவில் உள்ள தேசிய கல்வி நிறுவகத்தில் தொடங்குங்கள். அதன் இணையத்தளத்தில் ஆசிரியர் வழிகாட்டிகள் தமிழில் இலவசமாகவே இருக்கின்றன. பாடநூலைப் பார்ப்பதற்கு முன் அதைப் படியுங்கள். ஒரு பாடத்தை ஏன் அந்த வரிசையில் வைத்தார்கள் என்பது அதில்தான் புரியும். பயிற்சி அமர்வுகளுக்கு வலயக் கல்விப் பணிமனையின் ஆசிரிய ஆலோசகரைக் கேளுங்கள்.

ஆய்வுகூட வசதி குறைவா? கணினியிலேயே பரிசோதனை செய்துபார்க்க உதவும், கொலராடோ பல்கலைக்கழகத்தின் 'ஃபெட்' (PhET) உருவகப்படுத்தல்கள் இலவசம், பல தமிழிலும் உண்டு. மின்சுற்றுப் பாடத்துக்கு எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். ஒரே மாதிரியான இரண்டு மின்குமிழ்களைத் தொடராக இணைத்துவிட்டு, ஆளியைப் போடும் முன், "எது கூடப் பிரகாசமாக எரியும்?" என்று கேளுங்கள். முதலாவது குமிழ் மின்னோட்டத்தைக் கொஞ்சம் தின்றுவிடும் என்று நம்பும் பிள்ளைகள் நிறையப் பேர். விடையை நீங்கள் சொல்லாதீர்கள். எல்லோரும் கொப்பியில் எழுதட்டும், பக்கத்துப் பிள்ளையோடு வாதாடட்டும். அப்புறம் சுற்றை மூடி, ஒவ்வொரு குமிழுக்கும் பின்னால் அம்பியர்மானியை வைத்துக் காட்டுங்கள். அளவீடு ஒன்றேதான்! வாதாடிய பிள்ளை அதை இலேசில் மறக்காது.

கணிதத்துக்கு ஜியோஜீப்ரா (GeoGebra) என்ற கணித மென்பொருள் போதும். வட்டத் தேற்றங்களில் புள்ளியை இழுத்து நகர்த்தினாலும் கோணம் மாறாமல் நிற்பதைப் பிள்ளைகள் தாங்களே பார்க்கலாம்.