வாசகர் கேள்வி-பதில்: கணவர் லாட்ஜுக்குப் போகிறார்!

கேள்வி: ஸ்தோத்திரம் ஐயா. என் கணவர் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார், சபையில் கமிட்டி மெம்பராகவும் இருக்கிறார். ஒரு வருஷமாக மாதத்தில் ஒரு நாள் சாயங்காலம் கோட்டு போட்டுக்கொண்டு ‘லாட்ஜுக்குப் போறேன்’ என்று கிளம்பிவிடுகிறார். முதல் தடவை கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன மாதம் பீரோவில் ஒரு கறுப்புப் பை கிடைத்தது, திறந்தால் வெள்ளைத் தோலில் ஏப்ரன், வெள்ளைக் கையுறை. கேட்டால், ‘ஃப்ரீமேசன் சங்கம், சத்தியம் பண்ணியிருக்கேன், உள்ளே நடக்கிறதைச் சொல்லக்கூடாது. ஆனா அது மதம் இல்லை, பைபிள்கூட வச்சிருக்காங்க, பிஷப்மாரே மெம்பரா இருந்திருக்காங்க’ என்கிறார். இது பாவமா ஐயா?
– பெயர் வேண்டாம், அண்ணா நகர், மதுரை

பதில்: அம்மா, முதலில் நிம்மதியாக மூச்சு விடுங்கள். டவுன்ஹால் ரோட்டு லாட்ஜ் வேறு, இந்த லாட்ஜ் வேறு; ஃப்ரீமேசன் சங்கத்தின் ஒவ்வொரு கிளைக்கும் லாட்ஜ் என்றுதான் பேர். மேசன் என்றால் கொத்தனார். ஐரோப்பாவில் கோயில் கட்டிய கல்தச்சர்களின் சங்கப் பழக்கங்களை, கரண்டியே பிடித்தறியாத கனவான்கள் எடுத்துக்கொண்டு சடங்காக மாற்றியதுதான் ஃப்ரீமேசன்ரி. 1717ல் லண்டனில் ஒரு மதுக்கடையில் நான்கு லாட்ஜுகள் கூடி கிராண்ட் லாட்ஜ், அதாவது தலைமைச் சங்கம், அமைத்ததை அவர்கள் தங்கள் பிறந்தநாளாகச் சொல்வார்கள். வெள்ளைக்காரனோடு நம் நாட்டுக்கும் வந்தது, 1961ல் இந்தியாவுக்கென்று தனி கிராண்ட் லாட்ஜும் ஆயிற்று. கோயம்புத்தூரில் குழந்தைகளுக்காக அவர்கள் நடத்தும் மருத்துவமனையைப் பற்றி நீங்களே கேள்விப்பட்டிருப்பீர்கள். தர்மம் செய்கிறவர்கள், அதை மறுக்க மாட்டேன்.

ஆனால் ‘மதம் இல்லை’ என்ற பேச்சை அப்படியே விழுங்காதீர்கள். எனக்கே நடந்ததைச் சொல்கிறேன். நான் இளம் போதகராக இருந்த காலத்தில் ஒரு பெரிய மனிதர் வீட்டுக்குக் கூப்பிட்டு, உளுந்தவடையும் காபியும் வைத்து, ‘ஐயரே, நீங்க சேர்ந்தா சாப்ளின் பதவி தரலாம், கூட்டம் ஆரம்பிக்கும்போது ஒரு ஜெபம் பண்ணணும், அவ்வளவுதான்’ என்றார். சரி என்று தலையாட்டப் போனேன். ‘ஒரே ஒரு விஷயம், முடிக்கும்போது இயேசுவின் நாமத்தில்னு சொல்லாதீங்க, மத்தவங்க சங்கடப்படுவாங்க’ என்றார். வடை பாதியில் நின்றது. பலிபீடம் உண்டு, அதன்மேல் வேதப்புத்தகம் உண்டு, ஜெபம் உண்டு, ஜெபம் நடத்த ஆளும் உண்டு, ஆனால் அந்த ஒரு பெயரை மட்டும் செருப்போடு வாசலில் கழற்றி வைத்துவிட்டு வர வேண்டும். மதம் இல்லாத இடத்தில் ஜெபத்துக்கு எதற்கம்மா நிபந்தனை?

அவர்கள் கடவுளை ‘பிரபஞ்சத்தின் மகா சிற்பி’ என்பார்கள். யார் அந்தச் சிற்பி என்று கேட்கக்கூடாது, அவரவர் சாமியை அவரவர் மனதில் வைத்துக்கொள்ளலாம். 1723ல் அச்சான அவர்களுடைய சட்டப்புத்தகத்திலேயே, எல்லா மனிதரும் ஒத்துக்கொள்ளும் மதம் போதும், மற்ற அபிப்பிராயங்களை அவரவர் தனக்குள் வைத்துக்கொள்ளட்டும் என்று இருக்கிறது. தொகுத்தவர் ஜேம்ஸ் ஆண்டர்சன், ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஒரு பிரஸ்பிடேரியன் போதகர். கர்த்தர் மனிதனானதும், சிலுவையும், உயிர்த்தெழுதலும் இந்தக் கணக்கில் ‘தனிப்பட்ட அபிப்பிராயம்’ ஆகிவிடுகின்றன.

மதுரையில் இருந்துகொண்டு இதை யோசித்துப் பாருங்கள். சித்திரைத் திருவிழாவுக்கு எதிர் வீட்டார் நீர்மோர்ப் பந்தல் போட்டால் நாமும் ஒரு கூடை எலுமிச்சம்பழம் வாங்கிக் கொடுக்கிறோம், கிறிஸ்துமஸுக்கு நம் வீட்டுக் கேக்கு அவர்கள் வீட்டுக்குப் போகிறது. ஆனால் அழகருக்காக ராத்திரி முழுக்க ஆற்றங்கரையில் காத்திருக்கிற பாட்டியிடம் போய், ‘பாட்டி, உங்க அழகரும் எங்க ஆண்டவரும் பெயர் இல்லாத ஒரு சிற்பிதான்’ என்று சொல்லிப் பாருங்கள், துரத்திவிடுவாள். நியாயமும் அவள் பக்கம்தான். பொதுச்சாமி என்று ஒரு சாமியை இந்த ஊரில் யாரும் கும்பிடுவதில்லை. இந்திய லாட்ஜுகளில் பைபிளோடு கீதை, குர்ஆன் எல்லாம் வரிசையாக வைத்திருப்பார்கள், உங்கள் கணவர் சொன்னது பொய் இல்லை. பைபிள் இருக்கிறது, ஆனால் சத்தியம் பண்ணக் கைவைக்கிற சாமானாக இருக்கிறது. அதிலிருந்து சுவிசேஷம் சொல்ல அங்கே அனுமதி கிடையாது.

இன்னும் கிட்டே போய்ப் பார்ப்போம். சேருகிறவனுக்குக் கண்ணைக் கட்டி, கழுத்தில் கயிறு போட்டு, ஒரு முழங்கால் தெரிய உடுப்பைச் சுருட்டிவிட்டு உள்ளே கொண்டுபோவார்கள். சத்தியப்பிரமாணம் முடிந்ததும், இப்போது உன் மனம் எதை விரும்புகிறது என்று கேட்பார்கள். ‘வெளிச்சம்’ என்று சொல்ல வேண்டும். கட்டு அவிழும். இப்போது உங்கள் கணவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஞானஸ்நானம் பெற்றவர், திடப்படுத்தல் பெற்றவர், “நான் உலகத்திற்கு ஒளியாயிருக்கிறேன்” என்ற வசனத்தை ஞாயிறு பள்ளியிலேயே மனப்பாடம் செய்தவர். இத்தனை நாள் இருட்டில்தான் இருந்தேன், எனக்கு வெளிச்சம் கொடுங்கள் என்று அங்கே நின்று கேட்டிருக்கிறார். சடங்குக்காகச் சொன்னதுதானே என்பார். நம் சபையில் சொல்லும் விசுவாசப்பிரமாணமும் சடங்குக்காகத்தானா என்று நீங்கள் கேட்கலாம், சண்டை வராத நேரமாகப் பார்த்து.

பீரோவில் நீங்கள் பார்த்த அந்த வெள்ளை ஏப்ரன் இருக்கிறதே, என் பயமெல்லாம் அதில்தான். அமெரிக்கச் சடங்குப் புத்தகங்கள் அந்த ஆட்டுக்குட்டித் தோலைக் காட்டி, மேலோக லாட்ஜில் நுழைய வேண்டுமானால் இப்படிப்பட்ட தூய நடத்தை அவசியம் என்று போதிக்கின்றன. நல்லவனாக வாழ்ந்தால் மேலே இடம் உண்டு என்பதுதான் அதன் அர்த்தம். ஏசாயாவோ நம் நீதிகளெல்லாம் அழுக்கான கந்தை என்கிறார், பவுல் “கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்” என்கிறார். ஆட்டுக்குட்டியின் தோல் இருக்கிறது, ஆட்டுக்குட்டியானவர் இல்லை.

மேசன்கள் ஒவ்வொன்றாக ஏறுகிற படிகளில் (டிகிரி) மூன்றாவதில் ஒரு நாடகம் வரும். சாலொமோனின் ஆலயத்தைக் கட்டிய தலைமைச் சிற்பி ஈராம், ரகசியத்தைச் சொல்ல மறுத்ததால் மூன்று பேர் அடித்துக் கொன்றார்கள் என்று கதை. சேருகிறவரை ஈராமாக நடிக்கவைத்து, செத்தவரைப்போலக் கிடத்தி, கைப்பிடித்துத் தூக்குவார்கள். உங்கள் கணவரிடம் 1 இராஜாக்கள் 7ஆம் அதிகாரத்தை எடுத்துக் கொடுங்கள். தீருவிலிருந்து வந்த விதவையின் மகன் ஈராம் அங்கே இருக்கிறார், ஆனால் அவர் வெண்கல வேலைக்காரர், அவரை யாரும் கொல்லவில்லை, 40ஆம் வசனத்தில் எல்லா வேலையையும் செய்து முடிக்கிறார். வேதத்தில் இல்லாத ஒரு சாவையும் எழுப்புதலையும் வேதப்புத்தகத்தை முன்னால் வைத்துக்கொண்டே நடத்துகிறார்கள், வேதத்தில் இருக்கிற உயிர்த்தெழுதலைப் பற்றி அங்கே மூச்சுவிடக்கூடாது.

பிஷப்மார் மெம்பராக இருந்தது உண்மைதான். எலிசபெத் ராணிக்கு முடிசூட்டிய கேன்டர்பரி பேராயர் ஜெஃப்ரி ஃபிஷரே மேசன்தான். அதற்கு என்ன செய்வது, ஆரோனே கன்றுக்குட்டி வார்த்தார்! அதே ஆங்கிலிக்கன் சபை 1987ல் இதை விசாரித்து, கிறிஸ்தவர்களுக்கு இதில் சிக்கல் இருக்கிறது என்று அறிக்கை வைத்தது. அதற்கு இரண்டு வருஷம் முன்பே மெத்தடிஸ்ட் சபையும் எச்சரித்திருந்தது. இரண்டுமே நம் தென்னிந்தியத் திருச்சபைக்குத் தாய்ச்சபைகள்.

கேள்வி: கத்தோலிக்கத் திருச்சபையின் 1983 சட்டத்தில் ஃப்ரீமேசன் என்ற வார்த்தையே இல்லையாம், கத்தோலிக்கர் சேரலாம் என்கிறான் என் நண்பன். சரியா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: வார்த்தை இல்லை என்பது மட்டும் சரி. கத்தோலிக்கர் மேசனாகக் கூடாது என்பது 1738ல் போப் பன்னிரண்டாம் கிளெமெண்ட் போட்ட தடை. 1983 புதிய சட்டத்தில் பெயர் விடுபட்டதும் இப்படித்தான் ஆளாளுக்குப் பேசினார்கள். அதே வருஷம் நவம்பர் 26ல் வத்திக்கானிலிருந்து கர்தினால் ராட்சிங்கர் கையெழுத்திட்ட அறிவிப்பு வந்தது: நிலை மாறவில்லை, சேருகிறவர்கள் கனமான பாவத்தில் இருக்கிறார்கள், நற்கருணை வாங்கக்கூடாது. 2023ல் பிலிப்பைன்ஸ் ஆயர் ஒருவர் கேட்டபோதும் வத்திக்கான் இதையே சொன்னது. நண்பரிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: மேசன்கள் லூசிஃபரை வணங்குகிறார்கள் என்று அவர்கள் தலைவர் ஆல்பர்ட் பைக்கே எழுதியதாக வாட்ஸ்அப்பில் வந்தது. எங்கள் வாலிபர் குழுவில் போடலாமா ஐயா?
– ஒரு தம்பி, திருமங்கலம்

பதில்: போடாதே தம்பி. பிரான்சில் லியோ டாக்சில் என்று ஒருவர் 1885ல் மனந்திரும்பியதாகச் சொல்லிக்கொண்டு, மேசன்கள் பிசாசைக் கும்பிடுவதாகப் புத்தகம் புத்தகமாக எழுதிக் காசு பார்த்தார். கடைசியில் 1897 ஏப்ரல் 19ஆம் தேதி பாரிசில் கூட்டம் கூட்டி, எல்லாம் நான் கட்டிய கதை என்று அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். நீ அனுப்பிய அந்த லூசிஃபர் மேற்கோளும் அந்தக் கதைமூட்டையிலிருந்து வந்ததுதான். அமெரிக்காவில் ஒரு மேசன் பிரிவுக்குத் தலைவராக இருந்த பைக் 1891லேயே செத்துப்போனார், மறுக்க ஆளில்லை. பைக் உண்மையிலேயே எழுதியது வேண்டுமானால், ஒவ்வொரு லாட்ஜும் மதத்தின் ஆலயம், அதன் போதனை மதபோதனை என்று 1871ல் எழுதியிருக்கிறார். எல்லா மேசன்களும் அவரை ஒத்துக்கொள்வதில்லை என்பதையும் சேர்த்தே சொல். வடநாட்டில் அந்தக் காலத்தில் லாட்ஜை ‘ஜாதூ கர்’, அதாவது மந்திரவாத வீடு என்பார்கள். நாமும் அப்படிப் பேசினால், உள்ளே இருக்கிற நம் ஆட்கள் ‘இவங்களுக்கு ஒண்ணும் தெரியலை’ என்று சிரித்துவிட்டு அடுத்த கூட்டத்துக்குப் போய்விடுவார்கள்.

கேள்வி: ஒன்பது வருஷமாக மேசனாக இருக்கிறேன். இப்போது விட நினைக்கிறேன். ஆனால் வேதத்தின்மேல் கைவைத்துச் சத்தியம் செய்துவிட்டேனே, மீறினால் கர்த்தர் விடுவாரா?
– பெயர் வேண்டாம், மதுரை

பதில்: சகோதரரே, ஏரோதை நினைத்துப் பாருங்கள். விருந்தில் எல்லோர் முன்னாலும் ஆணையிட்டுவிட்டோமே என்றுதான் யோவான் ஸ்நானனின் தலையை வெட்டக் கொடுத்தான். அந்த ஆணையை அவன் காப்பாற்றியிருக்கவே கூடாது. என்ன ஏது என்று தெரியாமல் பதறி ஆணையிட்டவன் அதை உணரும்போது அறிக்கையிட வேண்டும் என்று லேவியராகமம் 5ஆம் அதிகாரம் வழி சொல்லுகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாமலே வாங்கிய சத்தியம் அது. தொண்டையை அறுப்போம், நாக்கைப் பிடுங்குவோம் என்ற பழைய தண்டனை வாசகங்களை இங்கிலாந்து கிராண்ட் லாட்ஜே 1986ல் பிரமாணத்திலிருந்து எடுத்துவிட்டது. யாரும் உங்களை ஒன்றும் செய்யப் போவதில்லை.

லாட்ஜ் செயலாளருக்கு ராஜினாமாக் கடிதம் எழுதுங்கள், இரண்டு வரி போதும், யாரையும் திட்ட வேண்டாம். சந்தா பாக்கி இருந்தால் கட்டிவிடுங்கள். அங்கே பழகியவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் போய் மொய் எழுதிவிட்டு வாருங்கள், அவர்கள் உங்களுக்கு விரோதிகள் இல்லை. உங்கள் ஆயரிடம் ஒரு மணி நேரம் கேட்டு வாங்கி, ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொல்லி ஜெபம் பண்ணிக்கொள்ளுங்கள். ஏற்கனவே உங்கள் மனைவிக்குத் தெரியாமல் வைத்திருந்தால், ஆயரிடம் போவதற்கு முன் அந்த அம்மாவிடம் சொல்லுங்கள். போன மாதம் எனக்கு வந்த கடிதங்களைப் பார்த்தால், அநேகமாக அவர்களுக்கு முன்பே தெரியும்.

(தசமபாகம் பற்றி மேலூரிலிருந்து வந்த கேள்விக்கு அடுத்த இதழில்.)