பறவை பார்க்கப் பிடிக்கிறது. அது யாருக்காவது பயன்படுமா?

கண்டிப்பாகப் பயன்படும், கொஞ்சம் குறித்து வைத்தால். இப்படிச் சாதாரண ஆட்கள் கண்டதை எழுதி ஆய்வுக்குக் கொடுப்பதை மக்கள் அறிவியல் என்கிறார்கள்.

காரணம் எளிது. ஆய்வாளர்கள் சிலர்தான், எல்லா ஊர்க் கண்மாய்க்கும் அவர்களால் வருடம் முழுக்கப் போக முடியாது. நீங்கள் போவீர்கள், ஏனென்றால் உங்களுக்குப் பிடித்திருக்கிறது. சர்க்கரை நோயாளியின் நோட்டு மாதிரிதான் இது: ஒரு நாள் அளவை வைத்து மருத்துவர் பெரிதாக எதுவும் சொல்ல முடியாது, மாதக்கணக்கில் எழுதியிருந்தால் ஏற்ற இறக்கம் தெரியும். அதனால் கடமைக்காக ஒரு மாதம் எழுதுகிறவரைவிட, ஆசையாகப் பத்து வருடம் போகிறவர்தான் இங்கே பெரிய உதவி என்பேன்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: 15 நிமிடம் நின்று, அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் எண்ணிக்கையோடு ‘இ-பேர்ட்’ செயலியில் பதிவது. மிச்ச நேரம் மீன்கொத்தி பாயும் வரை சும்மா காத்திருங்கள், அதைக் குறைத்துக்கொள்ள வேண்டாம். தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பு, தொடங்க நல்ல சந்தர்ப்பம்.

அப்புறம், அரிய பறவையைக் கண்டால்தான் பயன் என்று பலர் நினைக்கிறார்கள்; அப்படியில்லை, மின்கம்பியில் சாதாரணமாக உட்கார்ந்திருக்கும் பனங்காடை நாடெங்கும் குறைந்து வருவது இத்தகைய பதிவுகளால்தான் ‘இந்தியப் பறவைகளின் நிலை’ என்ற 2023 அறிக்கையில் தெரிய வந்தது.